அடைப்புக்குறிக்குள் ஒரு மரணம்: நனவோடை எழுத்தும் உணர்ச்சி வெளிப்பாடும்

கேள்வி

நனவோடை உத்தியைப் பற்றித் தமிழில் நாம் வாசிக்கும் அறிமுகங்களில் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. மனத்தில் எழும் எண்ணங்களை எழுந்த வரிசையிலேயே, இலக்கணமும் தர்க்கமும் பாராமல் தாளில் இறக்கிவைப்பதுதான் நனவோடை என்பது அந்த விளக்கம். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நம்பிக்கையும் வருகிறது. அப்படி இறக்கிவைத்தால் மனப்பாரம் குறையும், அடக்கிவைத்த உணர்ச்சிக்கு வடிகால் கிடைக்கும் என்பது அது. எழுத்துப் பட்டறைகளில் தொடங்கி மனநல ஆலோசனைவரை, நிறுத்தாமல், திருத்தாமல் எழுதுங்கள் என்ற அறிவுரை இன்று பரவலாகிவிட்டது.

முதலாவது இலக்கியம் பற்றிய கூற்று. இரண்டாவது மனித மனம் பற்றிய கூற்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால், நனவோடையில் எழுதப்பட்ட பெரும் படைப்புகளை எழுதியவரின் புலம்பலாக வாசிக்கும் பழக்கம் நமக்கு வந்திருக்கிறது. எழுதியவர்கள் பட்ட உழைப்பு இதனால் கண்ணில் படாமலே போகிறது. நனவோடை எழுத்தில் உணர்ச்சி எங்கே இருக்கிறது, எப்படி வெளிப்படுகிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. வர்ஜீனியா வுல்ஃபின் ‘டு த லைட்ஹவுஸ்’ நாவலை முதன்மைச் சான்றாக வைத்துக்கொள்கிறேன். தாயை இழந்த துக்கத்திலிருந்து பிறந்த நாவல் அது என்று வுல்ஃபே பதிவுசெய்திருக்கிறார். அது எழுதப்பட்ட விதத்தைப் படிப்படியாகக் காட்டும் கைப்பிரதிகளும் நமக்குக் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

ஜேம்ஸ் கண்ட நீரோட்டம்

வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட ‘உளவியலின் கோட்பாடுகள்’ நூலில் நனவை ஓடும் நீராக உருவகித்தார். அலெக்சாண்டர் பெய்ன் 1855லேயே இதே தொடரைக் கையாண்டிருந்தாலும், அதை நிலைபெறச் செய்தவர் ஜேம்ஸ்தான். 1918இல் மே சின்க்ளேர், டொரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதிய மதிப்புரையில் இத்தொடரை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். ரிச்சர்ட்சனுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. உத்தி அதற்கும் மூத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் எதுவார் துழார்தான் 1887இல் தொடராக எழுதிய சிறு நாவலிலிருந்து அதைக் கற்றுக்கொண்டதாக ஜேம்ஸ் ஜாய்ஸ் வெளிப்படையாகவே சொல்லிவந்தார்.

இந்த வரலாறு எல்லாரும் அறிந்தது. பலர் கடந்துபோகும் ஒரு நுட்பம் வில்லியம் ஜேம்ஸின் நூலில், இந்த ஓட்டம் பற்றிய அத்தியாயத்துக்குள் இருக்கிறது. மனவோட்டத்தில் இரண்டு வகைப் பகுதிகள் உண்டு என்கிறார் அவர். மனம் ஒரு பொருளில் தங்கிநிற்கும் இடங்கள் ஒரு வகை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடைவெளிகள் மற்றொரு வகை. தங்குமிடங்களுக்கு நம்மிடம் பெயர் உண்டு. தாவல்களுக்குப் பெயர் இல்லை, ஆகவே அவை இல்லாதவை என்று நினைத்துவிடுகிறோம். நீலம் என்ற உணர்வு, குளிர் என்ற உணர்வு இருப்பதுபோலவே ‘ஆனால்’ என்பதற்கும் ‘அதனால்’ என்பதற்கும் ‘ஒருவேளை’ என்பதற்கும் தனித்தனி உணர்வு உண்டு என்பது அவர் வாதம்.

என் வாசிப்பில், நனவோடை இலக்கியம் முழுவதற்கும் திறவுகோல் இதுதான். உணர்ச்சி எண்ணங்களில் இருப்பதைவிட எண்ணங்களுக்கு இடையிலான மூட்டுகளில் அதிகம் இருக்கிறது. ஒரு தமிழ்க் குடும்பச் சூழலில் வைத்துப் பார்க்கலாம். ‘அண்ணன் இந்த வருஷமும் வரவில்லை என்று அவள் வருந்தினாள்’ என்று எழுதினால் கதைசொல்லி உணர்ச்சிக்குப் பெயர் சூட்டிவிடுகிறார். ‘அண்ணா வரலை, வரவே மாட்டான், எனக்குன்னு யாரு இருக்கா’ என்று எழுதினால் அவளே புலம்புகிறாள். ‘அண்ணன் வரவில்லை. இனி எங்கே வரப்போகிறான். குக்கரில் இது மூன்றாவது விசிலா, நாலாவதா?’ என்று எழுதும்போது வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை, புலம்பலும் இல்லை. அண்ணனிலிருந்து விசிலுக்கு மனம் தாவிய அந்த இடைவெளியில் எல்லாம் இருக்கிறது. அங்கே நிற்க முடியாததால்தான் மனம் தாவியது.

மூன்றாவது வகையில் பேசுவது யார் என்பதும் கவனிக்கத்தக்கது. படர்க்கை இலக்கணத்துக்குள் பாத்திரத்தின் மனக்குரல் கலந்துவருகிறது. டோரிட் கான் 1978இல் வெளியிட்ட, புனைவில் மனம் காட்டப்படும் முறைகள் பற்றிய ஆய்வில் இந்த வேறுபாடுகளை வகைப்படுத்தினார். வுல்ஃப் பெரும்பாலும் எழுதியது இந்த மூன்றாவது வகையில்தான். தன்மை ஒருமையில் கொட்டித்தீர்க்கும் எழுத்து அவருடைய பெரும்பாலான நாவல்களின் அடிப்படை முறை ஆகவில்லை. கொட்டித்தீர்த்தல் என்ற விளக்கம் அவரிடம் முதல் அடியிலேயே பொருந்தாமல் போகிறது.

காலுறை அளக்கும் நேரம்

‘டு த லைட்ஹவுஸ்’ மூன்று பகுதிகளால் ஆனது. முதல் பகுதி ஒரு பிற்பகலும் மாலையும். நடுப்பகுதி பத்து ஆண்டுகள் கழிவது. மூன்றாம் பகுதி ஒரு காலை. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றில் நடப்பதாகக் கதை சொன்னாலும், அதன் உயிர் வுல்ஃபின் சிறுவயதுக் கோடைகள் கழிந்த கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் கடற்கரைதான். அவருடைய தாய் ஜூலியா ஸ்டீஃபன் 1895 மே 5 அன்று இறந்தார். அப்போது வர்ஜீனியாவுக்கு வயது 13. தந்தை லெஸ்லி ஸ்டீஃபன் 1904இல் இறந்தார். இருவரையும் அப்படியே இந்த நாவலில் வைக்கப்போவதாக 1925 மே மாத நாட்குறிப்பில் வுல்ஃப் எழுதினார். அடுத்த மாதம், தாம் எழுதுவதற்கு நாவல் என்பதற்குப் பதிலாக வேறு பெயர் தேடி, இரங்கற்பா என்ற சொல்லை யோசித்துப் பார்த்தார்.

முதல் பகுதியில் ஒரு சிறு காட்சி. திருமதி ராம்சே ஜன்னலருகே உட்கார்ந்து கலங்கரை விளக்கக் காவலரின் மகனுக்காகக் காலுறை பின்னுகிறார். அந்தப் பையனுக்கு இடுப்பெலும்பில் காசநோய். நீளம் பார்ப்பதற்காகத் தம் ஆறு வயது மகன் ஜேம்ஸின் காலோடு வைத்து அளக்கிறார். பையனுக்குப் பொறாமை, அசைந்துகொண்டே இருக்கிறான். அசையாமல் நில் என்கிறார். அளந்து பார்த்தால் காலுறை நீளம் போதவில்லை.

வெளியே நடப்பது இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் மனம் வீட்டின் நைந்துபோன நாற்காலிகளைப் பார்க்கிறது, திறந்தே கிடக்கும் கதவுகளை எண்ணுகிறது, அங்கிருந்து சுவிஸ் நாட்டு வேலைக்காரப் பெண்ணிடம் போகிறது. அந்தப் பெண்ணின் தந்தை ஊரில் தொண்டைப் புற்றுநோயில் செத்துக்கொண்டிருக்கிறார். முந்தைய இரவு அவள் ஜன்னலோரம் நின்று தன் ஊர் மலைகளின் அழகைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவள் கண்ணில் நீர். திருமதி ராம்சேயிடம் அவளுக்குச் சொல்வதற்கு ஆறுதல் எதுவும் இருக்கவில்லை. அந்த நினைவு வந்ததும், அசையும் மகனிடம் குரல் கடுமையாகிறது.

எரிக் அவெர்பாக் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இஸ்தான்புல்லில் இருந்து எழுதி, 1946இல் வெளியான ‘மிமேசிஸ்’ நூலின் கடைசி அத்தியாயம் இந்தக் காட்சியை மையமாகக் கொண்டது. காட்சியின் ஓரிடத்தில், இவ்வளவு துயரம் தோய்ந்த முகத்தை யாரும் பார்த்ததில்லை என்ற பொருளில் ஒரு குரல் ஒலிக்கிறது. அது யாருடைய குரல் என்று அவெர்பாக் கேட்கிறார். ஆசிரியரா, வேறு பாத்திரமா, பெயரற்ற ஒருவரா என்று சொல்ல முடியவில்லை. துயரத்தின் காரணத்தையும் நாவல் சொல்வதில்லை. அவெர்பாக்கின் அக்கறை யதார்த்தத்தைச் சித்திரிக்கும் முறையின் வரலாறு சார்ந்தது. சிறு கணம் ஒன்றுக்குள் பெரிய வாழ்வைக் காட்டும் நவீன உத்திக்கு அவர் இதை எடுத்துக்காட்டாக்குகிறார். உணர்ச்சி வெளிப்பாடு என்ற கோணத்தில் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. சாகும் தந்தைக்காக ஊர் திரும்ப முடியாத பெண்ணின் துக்கம், வீட்டுக்காரியின் குரலில் எரிச்சலாக வெளிவந்து, ஒன்றுமறியாத பையன்மேல் விழுகிறது. தாயை இழந்த மகள் எழுதிய நாவலில், துக்கம் முதலில் வாய்திறப்பது ஒரு வேலைக்காரப் பெண்ணின் வழியாக, அதுவும் மலைகளைப் பற்றிய பேச்சாக. இதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அந்த ஒரு வாக்கியம்

முதல் பகுதி முழுவதும் நாம் யாருடைய மனத்தோடு வாழ்ந்தோமோ அந்தத் திருமதி ராம்சே, நடுப்பகுதியில் ஒரு துணைவாக்கியத்தில் இறந்துபோகிறார். சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தி. இருண்ட காலையொன்றில் கணவர் நடைவழியில் தடுமாறியபடி கைகளை நீட்டுகிறார். முந்தைய இரவு மனைவி திடீரென இறந்துவிட்டதால் அந்தக் கைகள் வெறுமையாகவே இருக்கின்றன. செய்தி முடிந்தது. அடைப்புக்குறி மூடிக்கொள்கிறது. பூட்டிய வீட்டில் காற்றும் ஈரமும் என்ன செய்கின்றன என்று நாவல் தொடர்கிறது. மகன் போரில் சாவதும், மகள் பிரசவத்தை ஒட்டிய நோயில் சாவதும் இதே அடைப்புக்குறிகளுக்குள்தான்.

இது பெருக்கெடுத்து வந்த எழுத்தா? கைப்பிரதிகளின் பதில் தெளிவானது. நடுப்பகுதியின் முந்தைய வடிவம் ஒன்றை வுல்ஃப் மொழிபெயர்ப்புக்காக அனுப்பினார். ஷார்ல் மொரோன் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1926 குளிர்காலத்தில் ‘கொமெர்ஸ்’ இதழில் வந்தது. அந்த வடிவத்தில் இந்த அடைப்புக்குறிச் செய்திகள் இல்லை. மரணத்தைத் துணைவாக்கியத்தில் வைத்து அடைப்புக்குறியால் மூடுவது என்ற முடிவு பிறகுதான் வந்தது. அதோடும் நிற்கவில்லை. நாவலின் பிரிட்டிஷ் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் ஒரே நாளில் வெளிவந்தன. இரண்டு பதிப்புகளின் அச்சுப் படிகளையும் வுல்ஃப் தனித்தனியாகத் திருத்தினார். அந்த மரணச் செய்தி இரண்டிலும் ஒன்றாக இல்லை. ஒன்றில் நீட்டிய கைகளும் அவற்றின் வெறுமையும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. மற்றொன்றில் வாக்கியம் கைகளை நீட்டியதோடு முறிந்து, வெறுமை தனி வாக்கியமாக நிற்கிறது.

தம் வாழ்வின் முதல் பெருந்துக்கத்தைத் தொடும் வாக்கியத்தை, அச்சேறும் கடைசி நாட்கள்வரை அவர் திருத்திக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் நிறுத்துவது, கைகளை எப்போது காட்டுவது என்று நிறுத்தக்குறியின் அளவில் யோசித்துக்கொண்டிருந்தார். நாவல் வெளியான நாள் 1927 மே 5. தாய் இறந்து சரியாக 32 ஆண்டுகள்.

எழுதிய பிறகு என்ன நடந்தது என்பதற்கும் அவர் சாட்சியம் இருக்கிறது. 1928 நவம்பர் 28, தந்தையின் பிறந்தநாள். இருந்திருந்தால் அவருக்கு அன்று 96 வயது. முன்பெல்லாம் பெற்றோரை நாள்தோறும் நினைத்துக்கொண்டிருந்ததாகவும், இந்த நாவலை எழுதியது அவர்களைத் தம் மனத்தில் அமைதியாகக் கிடத்திவிட்டதாகவும் அன்றைய நாட்குறிப்பு சொல்கிறது. 1939இல் தொடங்கிய நினைவுக்குறிப்பில் இதற்கே திரும்பி வருகிறார். நாற்பத்து நான்கு வயதுவரை தாயின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. டாவிஸ்டாக் சதுக்கத்தைச் சுற்றி நடக்கும்போது நாவல் தானாகவே பெருகி வந்தது. எழுதி முடித்ததும் குரல் கேட்பது நின்றுவிட்டது. உளப்பகுப்பாய்வாளர்கள் நோயாளிகளுக்குச் செய்வதைத் தமக்குத் தாமே செய்துகொண்டதாக அவர் ஊகிக்கிறார்.

கொட்டித்தீர்த்தலை நம்புகிறவர்கள் மேற்கோள் காட்டுவது இந்தப் பத்தியைத்தான். அவர்கள் இரண்டு இடங்களைக் கவனிப்பதில்லை. உணர்ச்சியை வெளிப்படுத்தியபோது அதை விளக்கிக்கொண்டதாகவும், அதனால்தான் அது அடங்கியதாகவும் வுல்ஃப் சொல்கிறார். வெளிப்படுத்தலுக்கும் அடங்கலுக்கும் நடுவே விளக்கம் என்று ஒரு படி இருக்கிறது. அந்த விளக்கம் என்பதற்கு என்ன பொருள் என்று அவரே அடுத்துக் கேட்டுக்கொள்கிறார். இரண்டாவது இடம் இன்னும் வலியானது. எழுதியதால் தாயைப் பற்றிய காட்சியும் அவர்மீதான உணர்வும் ஏன் இப்படி மங்கிப்போக வேண்டும் என்று அவர் வினவுகிறார். குரல் கேட்காமல் போனது அவருக்கு விடுதலை மட்டும் அல்ல, இரண்டாவது இழப்பாகவும் இருந்தது. உணர்ச்சியை எழுதினால் பாரம் குறையும் என்று சொல்லும் எந்தக் கையேடும் இந்தக் கேள்விக்கு இடம் வைப்பதில்லை.

அக்காள் வனெஸா பெல் 1927 மே மாதம் எழுதிய கடிதத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். தாயின் உருவம் அவ்வளவு உயிரோடு வந்திருப்பதால், இறந்தவர் எழுப்பப்பட்டதைப்போல் வலிக்கிறது என்ற பொருளில் எழுதினார். தங்கைக்குத் துக்கம் அடங்கிய அதே நூல் அக்காளுக்கு அதைத் திறந்துவிட்டது. எழுதியவரின் ஆறுதலும் வாசித்தவரின் அனுபவமும் வெவ்வேறு கணக்குகள். இலக்கிய விமர்சனம் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

வுல்ஃப் 1941 மார்ச் 28 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எழுத்து அவரைக் காப்பாற்றவில்லை என்று இதைச் சுருக்குவது தவறு. ஒரு குறிப்பிட்ட துக்கத்துக்கு அமைதி தந்த நாவல், வாழ்நாள் முழுவதும் விட்டுவிட்டு வந்த மனநோய்க்கு மருந்தாகும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மோலியின் கம்பளிச் சட்டை

எதிர்வாதம் ஒன்று உண்டு. வுல்ஃப் படர்க்கையில் எழுதியவர், ஆகவே கட்டுப்பாடு இயல்பு. ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலின் கடைசி அத்தியாயம் அப்படியா? மோலி புளூம் இரவில் படுக்கையில் கிடந்து எட்டே நீண்ட வாக்கியங்களில், நிறுத்தக்குறிகளே அனேகமாக இல்லாமல் யோசிக்கிறாள். கட்டற்ற பெருக்கு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தப் பெருக்கிலும் துக்கம் எங்கே வருகிறது என்று பார்க்கலாம். மோலிக்கு ரூடி என்ற மகன் பிறந்து 11 நாளில் இறந்தவன். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு அவள் காதலர்களையும் உடைகளையும் விலைவாசியையும் ஜிப்ரால்டரில் கழிந்த பெண்பருவத்தையும் நினைக்கிறாள். ரூடி ஒரே ஒரு இடத்தில் முழுதாக வருகிறான். அழுதுகொண்டே பின்னிய கம்பளிச் சட்டையோடு அவனைப் புதைத்திருக்கக் கூடாது, ஏழைப் பிள்ளை யாருக்காவது கொடுத்திருக்கலாம் என்று நினைக்கிறாள். இனிக் குழந்தை இல்லை என்று அப்போதே தெரிந்திருந்ததை நினைக்கிறாள். அதற்குப் பிறகு தம்பதிகள் முன்போல் இருந்ததே இல்லை என்பதும் வந்துவிடுகிறது. உடனே, இதை நினைத்து இருளுக்குள் போகப்போவதில்லை என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுகிறாள்.

நாவலின் ஆழமான துக்கம் இந்தச் சில வரிகளில் தொட்டு விலக்கப்படுகிறது. அதைச் சுற்றியுள்ள நீண்ட பேச்சு முழுவதும் விலகிநிற்பதற்கான ஓட்டம் என்று அந்த இடத்தில்தான் நமக்குத் தெரிகிறது. இந்த அத்தியாயத்தையும் ஜாய்ஸ் ஒரே மூச்சில் எழுதிவிடவில்லை. 1921 இலையுதிர் காலத்தில் அச்சுப் படிகளின் ஓரங்களில் எழுதி எழுதி அதை வளர்த்தார். பெருக்கு போலத் தோன்றுவது அடுக்கி அடுக்கிக் கட்டப்பட்டது.

உண்மையிலேயே திருத்தாமல் எழுதிப்பார்த்தவர்களும் உண்டு. ஆந்த்ரே பிரெதோனும் ஃபிலிப் சூப்போவும் 1919இல் தானியங்கி எழுத்து முறையில் ‘காந்தப் புலங்கள்’ நூலை எழுதினார்கள். போர்க்காலத்தில் மனநலப் பிரிவொன்றில் பணியாற்றியபோது பிரெதோன் ஃப்ராய்டின் முறையை அறிந்திருந்தார். அவருடைய நண்பர் ழாக் வாஷே அந்த ஆண்டு ஜனவரியில் இறந்திருந்தார், நூல் அவர் நினைவுக்கே காணிக்கை. படிமங்களின் செழிப்பில் அந்த நூல் இன்றும் வியப்பளிக்கிறது. நண்பனை இழந்தவரின் துக்கம் என்னை எட்டியது நூலைவிடக் காணிக்கைப் பக்கத்தில்தான் என்பது என் வாசக அனுபவம்.

ஆய்வுக்கூடத்தின் சான்று

இலக்கியத்தை விட்டு மனநலத்துக்கு வருவோம். ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் ஆகிய இருவரும் 1986இல் வெளியிட்ட சோதனை இத்துறையின் தொடக்கப்புள்ளி. 46 கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். ஒரு குழு அற்ப விஷயங்களைப் பற்றி எழுதியது. மற்ற மூன்று குழுக்களும் தம் வாழ்வின் துயர நிகழ்வைப் பற்றி எழுதின. அவற்றில் ஒன்று உணர்ச்சியை மட்டும், ஒன்று நிகழ்வின் விவரத்தை மட்டும், ஒன்று இரண்டையும் சேர்த்து எழுதியது.

பின்வந்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவரை நாடுவது குறைந்தது கடைசிக் குழுவில்தான். உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கு அதே பலன் கிட்டவில்லை. எழுதிய நேரத்தில் எழுதியவர்களின் மனநிலை முன்பைவிட மோசமானதும் பதிவாகியிருக்கிறது. நிறுத்தாமல் எழுதுவதன் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வே, நடந்ததையும் உணர்ந்ததையும் கோத்து எழுதுவதற்குச் சாதகமாகப் பேசுகிறது.

பென்னபேக்கரும் சக ஆய்வாளர்களும் 1997இல் எழுத்துகளின் மொழியையே எண்ணிப் பார்த்தார்கள். நாட்கள் செல்லச்செல்லக் காரணத்தைக் குறிக்கும் சொற்களும், புரிந்துகொள்ளலைக் குறிக்கும் சொற்களும் யாருடைய எழுத்தில் அதிகரித்தனவோ அவர்களுக்கே உடல்நலப் பலன் அதிகம் தெரிந்தது. ‘ஏனென்றால்’, ‘அதனால்’ போன்ற சொற்கள்தான் அவை. வில்லியம் ஜேம்ஸ் சொன்ன தாவல்களும், வுல்ஃப் சொன்ன விளக்கமும் இங்கே புள்ளிவிவரமாக வந்து நிற்கின்றன என்று படுகிறது. இந்த ஒப்புமையை அதிகம் இழுக்கக் கூடாது. சொல் எண்ணிக்கைக்கும் நலனுக்கும் உள்ள தொடர்பு ஒன்றினால் மற்றது விளைந்தது என்று காட்டுவதாகாது. மாணவர்களின் 15 நிமிடக் குறிப்பும் நாவலும் ஒரே வகைப்பட்டவை அல்ல.

பலனின் அளவு பற்றியும் நிதானம் வேண்டும். ஜோஆன் ஃப்ரத்தரோலி 2006இல் 146 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த சராசரிப் பலன் உண்மையானது, ஆனால் சிறியது. ஒட்டுறவுக் கெழு 0.075. டேவிட் ஸ்பாராவும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மணமுறிவுக்குப் பின் அதன் பொருளைத் தேடி மனத்தை உழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு இத்தகைய எழுத்து மீட்சியைத் தாமதப்படுத்தியது. வெறும் நாட்குறிப்பு எழுதிய ஒத்தவர்கள் அவர்களைவிடத் தேறியிருந்தார்கள். காரணம் தேடுவது எல்லாருக்கும் நன்மை என்ற முடிவையும் இது தடுத்துவிடுகிறது. துயரில் இருக்கும் ஒருவரிடம், மனத்தில் வருவதையெல்லாம் எழுதிவிடு, சரியாகிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பொறுப்பான பேச்சு ஆகாது.

தமிழில்

புதுமைப்பித்தனின் ‘கயிற்றரவு’, மௌனியின் கதைகள், லா.ச. ராமாமிர்தம், நகுலன் என்று தமிழ் நனவோடைக்கு ஒரு வரிசை உண்டு. இந்த வரிசையை மேலைத் தாக்கம் என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகிறோம். ஒவ்வொருவரும் உணர்ச்சியை வைத்துக்கொண்ட இடம் வேறு.

லா.ச.ரா.வின் ‘அபிதா’ (1970) வாசகர்களிடையே உணர்ச்சிப் பெருக்குக்குப் பெயர்போனது. நடுவயதில் இருக்கும் அம்பி, மனைவி சாவித்திரியோடு சொந்த ஊர் திரும்புகிறான். இளமைக் காதலி சகுந்தலை இறந்துவிட்டாள் என்பதும் அவள் மகள் அபிதா இருக்கிறாள் என்பதும் தெரியவருகிறது. அந்தச் செய்தி அவனைத் துக்கத்தில் நிறுத்துவதில்லை. சகுந்தலையே மகளாகத் திரும்பி வந்திருக்கிறாள் என்று அவன் மனம் ஒரு கதையைக் கட்டிவிடுகிறது. மொழி மந்திர உச்சாடனம்போல் உயர்ந்துகொண்டே போகிறது. அந்த உயரத்தில் மயங்கிப் படிப்பவர்கள் இதை அழியாக் காதலின் வெளிப்பாடு என்கிறார்கள். துக்கப்பட மறுக்கும் ஒருவனின் பேச்சு என்று படித்தால் நாவல் வேறாகத் தெரிகிறது. வுல்ஃப் துக்கத்தை அடைப்புக்குறிக்குள் சுருக்கினார் என்றால், லா.ச.ரா. சொற்களின் பெருவெள்ளத்தால் அதை மூடினார். இரண்டிலும் இழப்பு நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. அம்பியின் குரலை லா.ச.ரா.வின் குரலாக எடுத்துக்கொள்ளும் வாசிப்பு, இளம்பெண் ஒருத்தியின்மேல் ஒரு நடுவயது ஆண் ஏற்றும் கற்பனையின் வன்மையையும் காணத் தவறுகிறது. நனவோடையை எழுதியவரின் வாக்குமூலமாகக் கொள்வதன் விலை இது.

நகுலனின் ‘நினைவுப் பாதை’யில் (1972) வெள்ளமே கிடையாது. நவீனனின் குறிப்புகள், உரையாடல் துண்டுகள், பாதியில் அறுந்த யோசனைகள். சுசீலா என்ற பெயர் அவருடைய எழுத்துகள் முழுவதும் வந்துகொண்டே இருக்கிறது, சுசீலாவின் கதை மட்டும் வருவதில்லை. ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதற்குமேல் சொல்லாமல் நிறுத்துவதும்தான் அங்கே உணர்ச்சியின் வடிவம். தமிழில் நனவோடை எழுத்தின் ஆகச் சிக்கனமான வெற்றி இது என்று நான் மதிப்பிடுகிறேன். பெருக்கு என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு நகுலனை அணுகியவர்களுக்கு அவர் வறட்சியாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

கைப்பிரதிகள் வேண்டும்

வுல்ஃபைப் பற்றி மேலே உறுதியோடு பேச முடிந்ததற்குக் காரணம் காகிதங்கள். ‘டு த லைட்ஹவுஸ்’ கைப்பிரதி நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் சேகரிப்பில் இருக்கிறது. சூசன் டிக் அதை எழுத்துக்கு எழுத்துப் படியெடுத்து 1982இல் பதிப்பித்தார். எந்தச் சொல் அடிக்கப்பட்டது, எந்த வரி பிறகு செருகப்பட்டது என்று எவரும் சரிபார்க்கலாம். தமிழில் அந்த வசதி நமக்கு இல்லை. ‘அபிதா’வின் உச்சாடனம் முதல் எழுத்திலேயே வந்ததா, படிப்படியாக ஏற்றப்பட்டதா என்ற கேள்விக்கு நாம் ஊகத்தைத்தான் பதிலாகத் தர முடிகிறது.

செய்ய முடியாத காரியம் அல்ல இது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000ஆம் ஆண்டு பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ செம்பதிப்பு, ஒரு நவீனத் தமிழ் எழுத்தாளரின் பாட வேறுபாடுகளை எப்படித் தொகுக்க வேண்டும் என்று காட்டிவிட்டது. அதே அக்கறையோடு லா.ச.ரா.வுக்கும் நகுலனுக்கும் மௌனிக்கும் செம்பதிப்புகள் வர வேண்டும். எழுத்தாளர்களின் குடும்பத்தாரிடமும் பதிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அடித்தல் திருத்தல் நிறைந்த தாள்களைப் பயனற்றவை என்று கழித்துவிடாதீர்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் ஒப்படையுங்கள். அச்சான புத்தகம் எங்கும் கிடைக்கும், அந்தத் தாள்கள் ஒரே ஒரு படிதான் இருக்கின்றன.